டிரம்ஸ் அறை கட்டுகிறீர்களா? சுவர் இடுக்கைக் கவனியுங்கள்

ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்பாதீர்கள். அது அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். சத்தத்தைத் தடுக்க எடையும் இடைவெளியும் வேண்டும்: ஒன்றையொன்று தொடாத இரண்டு செங்கல் சுவர், நடுவில் 4 அங்குல இடுக்கு, அதில் ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு).

கட்டும்போது கொத்தனார் பக்கத்திலேயே நில்லுங்கள். கரண்டியிலிருந்து வழியும் கலவை இடுக்கில் விழுந்து இறுகினால், பேஸ் டிரம்மின் அதிர்வு அந்தக் கட்டி வழியாகவே வெளிச்சுவருக்குப் போய்விடும். இடுக்கின் அகலத்துக்கு ஒரு பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டு, நாலைந்து செங்கல் வரிக்கு ஒருமுறை தூக்கி, விழுந்த கலவையை வழித்தெடுக்கச் சொல்லுங்கள். ராக்வுல் அதன்பிறகுதான். கதவோரம் ரப்பர் பீடிங் அவசியம். சின்னச் சந்து போதும், சத்தம் கசிய.

மாடியில் கட்டுவதானால், இவ்வளவு எடையைத் தளம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.