நோயாளியின் அருகில் வசனம் வாசிக்கும் முன்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் சபையார், எந்த வேதப்பகுதியை வாசிப்பது என்பதை வார்டு வாசலில் அல்ல, வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. நோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டும் வசனம் ஏதேனும் நினைவுக்கு வந்தால், அதைச் சொல்வதற்கு முன் யோவான் 9ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்: பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் குறித்து, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்கும்போது, எவருடைய பாவமும் இதற்குக் காரணமல்ல என்று இயேசு மறுக்கிறார்.

பெருந்துன்பத்துக்கு ஆளான யோபுவைப் பற்றிய வேதாகமப் புத்தகத்திலிருந்து, அவருடைய நண்பர்களின் பேச்சை மேற்கோள் காட்டுவதில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும்; யோபுவின் துன்பத்துக்கு அவருடைய பாவமே காரணம் என்னும், பக்தியாக ஒலிக்கும் அவர்களுடைய வாதங்களை அதே புத்தகத்தின் 42ஆம் அதிகாரத்தில் கடவுளே கண்டிக்கிறார் (வசன அட்டை அச்சிடுவோர் சிலரும் இதைக் கவனிப்பதில்லை). அவர்கள் உருப்படியாகச் செய்தது, தொடக்கத்தில் ஏழு நாள் எதுவும் பேசாமல் யோபுவோடு தரையில் அமர்ந்திருந்ததுதான்.

ஐயம் எழுந்தால் நோயாளியிடமே கேட்டுவிடலாம். வேதாகமப் பாடல்களில், கடவுளைத் தன் மேய்ப்பராகப் போற்றும் 23ஆம் சங்கீதத்தை அவர் விரும்பலாம். மனம் நொந்திருப்பவருக்கோ, கடவுளிடம் நேரடியாக முறையிடும் 13ஆம் சங்கீதம் பொருத்தமாக இருக்கும், அதில் ஆறே வசனங்கள்தான்.