மரத்தடியில் முளைத்த செதில் காளான்: என்ன காளான் என்று கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு நாள் ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலை. வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் நான்கு காளான்கள், பெரியது சாப்பாட்டுத் தட்டு அகலம். வெள்ளைக் குடை, மேலே மண்ணிறச் செதில்கள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "புற்றுக்காளான் மாதிரி இருக்கே, குழம்பு வைக்கலாமா?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேடிய வழிதான் இது. பெயரைத் தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்; சமைப்பதற்கு இதை நம்பாதீர்கள்.

1. பறிக்கும் முன் படம் எடுங்கள்
மேலிருந்து, பக்கவாட்டில், குடைக்கு அடியிலிருந்து என்று மூன்று படம். புல்லா, சருகா, மக்கிய கட்டையா, பக்கத்தில் என்ன மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பைன் போன்ற மரங்களின் வேரோடு சேர்ந்து வாழும் காளான்கள் உண்டு. மக்கியதைத் தின்று வளர்பவையும் உண்டு.

2. கிள்ளாமல் தோண்டுங்கள்
அடிப்பகுதி மண்ணிலேயே தங்கிவிட்டால் முக்கியமான அடையாளம் போய்விடும். புற்றுக்காளானுக்குத் தண்டு வேர்போல நீண்டு கரையான் புற்று வரை இறங்கும். குடையின் நடுவில் கூர்முனை இருக்கும். அமானிட்டா வகைகள் பலவற்றில் அடித்தண்டைச் சுற்றி ஒரு கிண்ணம் இருக்கும். அந்த வகையில் உயிரைப் பறிப்பவை உண்டு. எங்கள் காளானில் வேரும் இல்லை, கிண்ணமும் இல்லை. அடி லேசாகப் பருத்திருந்தது, அவ்வளவுதான்.

3. செதிலை விரலால் தள்ளிப் பாருங்கள்
அமானிட்டாவின் செதில்கள் ஒட்டிவைத்தது போன்றவை, மழையிலேயே கழுவிப் போகலாம். இதிலோ குடையின் தோலே வெடித்துச் செதிலாகியிருந்தது. நடுவில் மட்டும் வெடிக்காமல் பழுப்பாக நின்றது. தண்டிலிருந்த வளையம் மோதிரம்போல மேலும் கீழும் நகர்ந்தது. தொடுவதால் ஆபத்தில்லை, அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

4. வித்துத்தூள் அச்சு எடுங்கள்
குடையிலிருந்து தூளாக உதிரும் வித்துகள் தாளில் பதியும் தடம்தான் இந்த அச்சு. இதை மட்டும் தவறவிடாதீர்கள். நன்றாக விரிந்த குடையாகப் பார்த்துத் தண்டை ஒட்ட நறுக்குங்கள். வெள்ளைத்தாள் பாதி, கறுப்புத்தாள் பாதி சேர்த்து வைத்து, செவுள்கள் (குடைக்கு அடியில் தகடு தகடாக இருப்பவை) கீழே படும்படி குடையைக் கவிழ்த்துங்கள். வெள்ளைத் தூள் விழுந்தால் வெள்ளைத்தாளில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. குடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள்.

காலையில் மெதுவாகத் தூக்கினேன். செவுள் கோடுகள் ஒவ்வொன்றும் அப்படியே தாளில் இறங்கியிருந்தன, மருதாணிப் பொடியின் பச்சை நிறத்தில்! புற்றுக்காளானாக இருந்தால் இளஞ்சிவப்பு விழும். அமானிட்டாவுக்கு வெள்ளை, கடையில் வாங்கும் பட்டன் காளானுக்குச் சாக்லேட் பழுப்பு. செவுள் காளான்களில் பச்சைத் தூள் மிக அபூர்வம். பெரிய செதில் குடை, நகரும் வளையம், பச்சைத் தூள் மூன்றும் சேர்ந்தால் அது குளோரோபில்லம் மாலிப்டைட்டீஸ் என்ற நச்சுக் காளான். இளசில் இதன் செவுள்களும் வெள்ளைதான், முற்றினால்தான் பச்சை தட்டும். அதனால்தான் ஏமாந்து பறிக்கிறார்கள்.

இதைத் தின்றால் பொதுவாக 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனைகளை விட்டுவிடுங்கள், அவற்றால் விஷம் தெரியாது.

செதில் உள்ள சின்னக் காளான்களிடம் இன்னும் கவனம் வேண்டும். லெப்பியோட்டா வகையில் சில, கல்லீரலை அழிக்கும் நஞ்சு கொண்டவை. 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமல் இருந்து, அப்புறம்தான் வாந்தி தொடங்கும். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தாளைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன வருஷமும் இதே இடத்துலதான் முளைச்சுச்சு" என்றார். பூஞ்சை இழைகள் மண்ணுக்குள் இருக்கின்றன, அடுத்த மழைக்கும் வரும். பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் நான்கையும் தோண்டி அப்புறப்படுத்திவிட்டோம்.