புதுப் புத்தகத்துக்குப் பூட்டு எதற்கு? பள்ளி நூலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நூலகப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். நூலகராகவே நியமனம் பெற்றவர்களும் சரி, பாடம் நடத்திக்கொண்டே கூடுதல் பொறுப்பாகப் பெற்ற ஆசிரியர்களும் சரி, இதில் வித்தியாசமில்லை. இத்துறையில் பழுத்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்தவைதான் இவை. தூசி தட்டாமல் விடுவது, நூலகப் பாடவேளையைக் கணக்கு வாத்தியாருக்கு விட்டுக்கொடுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதுப் புத்தகத்தைத் தொடவிடாமல் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

புதுப் புத்தகத்தைப் பீரோவில் பூட்டுவது

கட்டு வந்து இறங்குகிறது. பில்லோடு சரிபார்த்து, சேர்க்கைப் பதிவேட்டில் (வந்த நூல்களுக்கு வரிசை எண் கொடுத்துப் பதியும் ஏடு) ஏற்றி, முத்திரை குத்தி, கண்ணாடிக் கதவு பீரோவில் அடுக்கிப் பூட்டுகிறார்கள். சாவி தலைமையாசிரியர் அறைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்குத் திறந்த அலமாரியில் கிடைப்பதெல்லாம் அட்டை கிழிந்த பழைய பிரதிகள். ஆறு மாதம் கழித்து, “இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் படிக்கிறாங்க, எல்லாம் செல்போன்தான்” என்று புலம்பல் வேறு.

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணாடியில் விரலை வைத்து, “சார், அந்த மஞ்சள் அட்டை” என்று கேட்டாள். “அது புதுசும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்று பதில் வந்தது. அவள் விரல் பட்ட இடத்தைப் பொறுப்பாளர் கைக்குட்டையால் துடைத்தார். அந்தப் பெண் அதன் பிறகு பீரோ பக்கம் வரவே இல்லை. கேட்டு வாங்கிப் படிக்கிற பிள்ளையை இப்படித்தான் இழக்கிறோம். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இது மாறாமல் இருப்பதுதான் ஆத்திரமூட்டுகிறது.

காரணம் பயம். தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215-ஐப் படித்துப் பாருங்கள். ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு 5 வரை தொலைவது இயல்பான இழப்பாகக் கொள்ளப்படலாம் என்கிறது அது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ, அரிய நூலோ தொலைந்தால் விசாரணை உண்டு. மாநில அரசுப் பள்ளிகளை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தலைமையாசிரியரிடமும் தணிக்கையிலும் எடுத்துக்காட்ட நல்ல முன்மாதிரி. கணக்கைக் கவனியுங்கள்: இழப்புக்கு இடம் தருவது வழங்கிய நூல்களின் எண்ணிக்கையை வைத்து. ஆண்டுக்கு 2,000 முறை வழங்கினால் 10 வரை இடமுண்டு. பூட்டி வைத்த பீரோவில் ஒன்று காணாமல் போனால், சொல்ல ஒரு சமாதானமும் கிடையாது.

பூட்டி வைத்தால் பத்திரம் என்பதும் பொய். மழைக்காலத்தில் காற்றாடாத பீரோவில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் சேரும். கைமாறிக்கொண்டே இருக்கும் புத்தகத்தில் இரண்டும் அவ்வளவு எளிதில் குடியேறாது. நூல்கள் உண்மையில் தொலைவது வேறு இரண்டு வழிகளில். வழங்கல் பதிவேட்டில் எழுதாமல் வாய்வார்த்தையாக ஆசிரியர்களுக்குக் கொடுப்பது ஒன்று. பொதுத்தேர்வு முடிந்து பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போய்விடுவது மற்றொன்று. முதலாவதற்கு மருந்து, யாராக இருந்தாலும் கையெழுத்து. இரண்டாவதற்கு, பிப்ரவரியிலேயே நிலுவைப் பட்டியலை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுவது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து, 1931-லேயே நூலாக வெளியிட்டார். “நூல்கள் பயன்பாட்டுக்கே” என்பது அவற்றில் முதல் விதி.

சரி, கட்டு வந்தால் என்ன செய்வது? ஐம்பது நூலுக்கும் எண் போட்டு, பிறகு ஐம்பதுக்கும் முத்திரை, பிறகு ஐம்பதுக்கும் லேபிள் என்று போகாதீர்கள். வாரக்கணக்கில் இழுக்கும். பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு பத்தை முழுசாக முடித்து அன்றே வெளியே வையுங்கள். முத்திரை குத்துமுன் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள். ஃபாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் பக்கத் தொகுதி) விடுபட்டோ தலைகீழாகத் தைக்கப்பட்டோ இருந்தால், முத்திரை விழுந்த பிரதியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கத் தயங்குவார். வாசலுக்கு அருகே ஒரு மேசை போடுங்கள். முதுகு தெரிய அடுக்காமல், முன்னட்டை தெரிய எட்டுப் பத்து நூல்களை நிறுத்துங்கள். ஒன்றை யாராவது எடுத்துப் போனால் அந்த இடத்தை அன்றைக்கே நிரப்புங்கள். மற்ற நூல்களுக்குப் பதினான்கு நாள் தவணை என்றால் புதியவற்றுக்கு ஏழு நாள் போதும். ஒரே பிரதிக்கு ஐந்து பேர் கேட்டால், ஒரு சீட்டில் வரிசையாகப் பெயர் எழுதி நூலுக்குள்ளேயே வையுங்கள். திரும்பி வந்ததும் யாருக்குப் போக வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

பிரவுன் அட்டை போடுவது

பதினைந்து வயதுப் பிள்ளை முதலில் பார்ப்பது முன்னட்டையை. அதைப் பாடநூல் போல மூடிவிட்டால் எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். கண்ணாடித்தாள் அட்டை போடுங்கள். பின்னட்டைக் குறிப்பும் தெரிய வேண்டும்.

“படிச்சிட்டு ரெண்டு பக்கம் சுருக்கம் எழுதிக் கொண்டு வா”

இப்படிக் கேட்டால் வருவது பின்னட்டைக் குறிப்பின் நகல்தான், நான்கு நோட்டில் ஒரே எழுத்துப் பிழையோடு. அடுத்த முறை அவர்கள் எடுப்பது அலமாரியிலேயே ஒல்லியான புத்தகம். அதிக எண்ணிக்கையில் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தாலும் இதேதான் நடக்கும். 300 பக்க நாவலோடு ஒரு மாதம் கிடந்தவன் தோற்றுப்போவான். திருப்பித் தரும்போது, “யாருக்கு இதைக் கொடுக்கலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அவன் சொல்லும் பெயரே அடுத்த வாசகர். பிடிக்காமல் பாதியில் நிறுத்தியிருந்தால், “எந்தப் பக்கம் வரை போனாய்?” என்று கேட்டு வேறொன்றைக் கொடுங்கள். முடிக்காததைக் குற்றமாக்க வேண்டாம்.

அறிமுகம் என்ற பெயரில் கதை முழுவதையும் சொல்லிவிடுவது

நாற்பது நிமிடப் பாடவேளையில் புத்தக அறிமுகத்துக்குப் பத்து நிமிடம் போதும். மூன்று நூல், ஒன்றுக்கு மூன்று நிமிடம். ஆசிரியர் வரலாறு வேண்டாம், விருதுப் பட்டியல் வேண்டாம். சிக்கல் தொடங்குகிற ஒரு பக்கத்தை முந்தின நாளே தேர்ந்தெடுத்து, சத்தமாக வாசித்து, முடிச்சு விழும் வரியில் நிறுத்துங்கள். வழங்கல் பதிவேடு கையோடு இருக்க வேண்டும். “அடுத்த வாரம் தருகிறேன்” என்றால் அந்த ஆர்வம் அடுத்த வாரம் இருக்காது. நீங்கள் படிக்காத நூலை அறிமுகப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் இரண்டே வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“இது உனக்குப் புரியாது”

சொல்லவே சொல்லாதீர்கள்.

தாமதத்துக்கு அபராதம்

பன்னிரண்டு ரூபாய் பாக்கிக்குப் பயந்து வருஷம் முழுக்க நூலகத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகள் உண்டு. புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை விடுங்கள்.

தொடரில் இரண்டாம் பாகம் மட்டும் வாங்குவது

முதல் பாகம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வாங்கும் பட்டியலை நீங்களே போடுவது

மார்ச்சில் நிதி திரும்பிப் போய்விடுமே என்று பதிப்பக விலைப்பட்டியலில் வரிசையாக டிக் அடித்தால், பொன்மொழித் தொகுப்பும் பொது அறிவுக் களஞ்சியமும்தான் வந்து சேரும். ஜூன் மாதமே ஒரு நோட்டைக் கயிறு கட்டி மேசையில் தொங்கவிடுங்கள். நூற்பெயர், கேட்டவர், வகுப்பு என்று மூன்று பத்தி போதும். பெயர் தெரியாமல் “பேய்க்கதை”, “கிரிக்கெட் பற்றி” என்று எழுதினாலும் சரி, தேடிப்பிடிப்பது நம் வேலை. புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். கேட்ட புத்தகம் வந்துவிட்டால், மேசைக்கு வைக்குமுன் கேட்டவரிடமே முதலில் கொடுங்கள். வாங்க முடியாததற்கு நேரே “அச்சில் இல்லை”, “விலை அதிகம், அடுத்த ஆண்டு” என்று காரணத்தை எழுதிவிடுங்கள். பதில் இல்லாத நோட்டில் இரண்டாம் முறை யாரும் எழுத மாட்டார்கள்.