ஸ்லைட் மாறும்போது எந்த அசைவு, எங்கே?

பவர்பாயின்ட்டில் ட்ரான்சிஷன், அதாவது ஸ்லைட் மாறும்போது தோன்றும் அசைவு, சேர்க்கத் தொடங்குபவர் முதலில் மனங்கொள்ள வேண்டியது, அந்த அசைவு விலகிச் செல்லும் ஸ்லைட்டுக்கு அன்றி, உள்ளே வரும் ஸ்லைட்டுக்கே உரியது என்பதாகும். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாறும் விதத்தை அமைக்க, இடப்பக்கப் பட்டியலில் நான்காவதைத் தெரிவுசெய்து, மேலேயுள்ள ட்ரான்சிஷன்ஸ் பகுதியில் விரும்பிய வகையைக் கிளிக் செய்யவேண்டும்.

வகைகள் பல இருப்பினும், அடுத்தடுத்த இரு ஸ்லைட்டுகளுக்கிடையே காலத்தாலோ இடத்தாலோ ஒரு தொடர்பு இருக்கும்போது மட்டுமே அசைவு பொருளுடையதாகிறது. மட்டக்களப்பைப் பற்றிச் செயற்றிட்டம் செய்யும் ஒரு மாணவர் பழைய கல்லடிப் பாலத்தின் படத்தையும், அதன் அருகே 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் படத்தையும் காட்டுகிறார் என்று கொள்வோம். இரண்டையும் ஒரே அளவில், நீர்க்கோடு ஒரே உயரத்தில் அமையுமாறு வைத்து, இரண்டாவதுக்கு, ஒன்று மங்க மற்றது தோன்றும் ஃபேட் வகையைக் கொடுத்து, அசைவின் நேரமான டியூரேஷனை 1.50 விநாடி அளவுக்கு நீட்டினால், ஒரு காலம் மறைந்து மறுகாலம் தோன்றுவதைப் பார்வையாளர் விளக்கமின்றியே உணர்வர்.

மட்டக்களப்பு வாவியின் அகன்ற காட்சிக்கு, முந்திய ஸ்லைட்டைத் தள்ளிக்கொண்டு அடுத்தது வரும் புஷ் பொருந்தும். இதற்குச் சற்று உழைப்புத் தேவை. 16:9 ஸ்லைட்டின் அகலம் 33.867 செ.மீ. என்பதால், படத்தை அதன் இருமடங்காக, அதாவது 67.73 செ.மீ. அகலமும் 19.05 செ.மீ. உயரமும் கொண்டதாக வெட்டி அமைத்து, முதல் ஸ்லைட்டில் அதன் இடது விளிம்பும், பிரதியெடுத்து ஒட்டிய இரண்டாவதில் அதன் வலது விளிம்பும் ஸ்லைட்டின் விளிம்போடு பொருந்துமாறு வைக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி காட்சியின்போது தெரியாது. பின்னர் இரண்டாவதுக்குப் புஷ் கொடுத்து, எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் ஃப்ரம் ரைட் என்பதைத் தெரிவுசெய்தால், கரையோரமாக நடந்துகொண்டே பார்ப்பதுபோல் வாவி நகரும். திசையை மாற்ற மறந்தால் படம் கீழிருந்து மேலேறி, செய்த வேலை முழுவதும் வீணாகும்.

வாவியின் வரைபடத்தில் கல்முனைப் பக்கத்தை மட்டும் நெருங்கிக் காட்ட, ஒரே பொருளின் இடமும் அளவும் படிப்படியாக மாறுவதைக் காட்டும் மோர்ஃப் சிறந்தது. ஸ்லைட்டைக் கன்ட்ரோல், டி விசைகளால் இரட்டித்து, இரண்டாவதில் வரைபடத்தைப் பெரிதாக்கி நகர்த்தி, அதற்கு மோர்ஃப் கொடுத்தால் போதும். பாடசாலைக் கணினியில் பவர்பாயின்ட் 2013 போன்ற பழைய பதிப்பு இருந்தால் அது ஃபேட்டாக மாறிவிடும் என்பதால், விளக்கத்தை அந்த அசைவை மட்டும் நம்பி அமைக்கக்கூடாது.

ஏனைய ஸ்லைட்டுகளுக்கு எதுவும் வேண்டாம். கட்டாயம் வேண்டுமெனில் குறுகிய ஃபேட் ஒன்றை அப்ளை டு ஆல் மூலம் முதலிலேயே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே மேற்கண்ட சிறப்பு அசைவுகளை அமைக்கவேண்டும். வரிசை மாறினால் அந்தப் பொத்தான் அவற்றை அழித்துவிடும். கைதட்டல் முதலிய ஒலிகள் பேசுபவரின் குரலோடு போட்டியிடுவதால், அவற்றை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. பேசிக்கொண்டே காட்டுபவர் ஆஃப்டர் என்ற நேரக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஆன் மவுஸ் கிளிக்கை மட்டும் வைத்திருப்பதே பாதுகாப்பு. கேள்வி ஒன்று எழும்போது ஸ்லைட் தானாக நகர்ந்துவிடாது.

சோதிக்கும்போது, அசைவு கொடுத்த ஸ்லைட்டுக்கு முந்தியதைத் தெரிவுசெய்து ஷிஃப்ட், எஃப்5 அழுத்தி, அங்கிருந்து ஒரு கிளிக்கில் முன்னே செல்லுங்கள். சூமில் பகிரப்போவதாயின், இணைய வேகம் குறையும்போது புஷ்ஷும் மோர்ஃபும் விட்டுவிட்டுத் தெரியும் என்பதால், அந்தப் பிரதியில் அவற்றை நீக்கிவிடலாம்.