எம்ஜிபி காரின் சீட்டுகள்: உறை மாற்றும் முன் உள்ளே பாருங்கள்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி உட்கார்ந்ததும் பள்ளத்தில் இறங்கியது போலிருந்தால், குறை உறையில் இல்லை. 1970க்குப் பிந்திய சீட்டுகளில் ஃபோமுக்கு அடியில் டயாஃப்ரம் எனப்படும் ஒரு ரப்பர் விரிப்பு உண்டு. சுற்றிலும் கம்பிக் கொக்கிகள் அதை ஃப்ரேமோடு பிடித்திருக்கும். வயதான ரப்பர் வெடித்துக் கொக்கித் துளைகளில் கிழிந்துவிடும். அதன்பின் ஆளின் எடை முழுவதும் ஃபோம் மேல் விழ, ஃபோமும் பொடியாக உதிரும். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த உறையைப் போட்டாலும் சுருக்கம்தான் மிஞ்சும். எனவே உறை, ஃபோம், டயாஃப்ரம் மூன்றையும் ஒரே வேலையாக எடுத்துச் செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் அதே சீட்டை இரண்டு முறை பிரிக்க வேண்டிவரும்.

பொருள் வாங்கும் முன் காரின் ஆண்டை உறுதிசெய்யுங்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்தக் காரில் சீட் பலமுறை மாறியது. ஆரம்பகாலச் சீட்டுகளில் உடல் படும் இடம் தோல், பக்கங்கள் ரெக்சின். 1969 இறுதியில் வந்த மாற்றத்தில் தோலுக்குப் பதில் ரெக்சின் வந்தது. ஒரு காலகட்டத்தின் உறை மற்றொன்றின் ஃபோமில் உட்காராது. சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு. பழைய கார்களில் யாராவது வேறு ஆண்டின் சீட்டைப் பொருத்தியிருக்கவும் கூடும். கையில் இருப்பது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலச் சீட்டுக்குப் பதிலாக மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் சீட்டுகளைப் பொருத்துவோர் நிறைய உண்டு. அவை வசதியானவைதான். ஆனால் தனி பிராக்கெட் செய்ய வேண்டும், உயரம் கூடிவிடாமலும் பார்க்க வேண்டும். நல்ல ஃபோம் போட்ட மூலச் சீட்டே நெடும்பயணத்துக்குப் போதும் என்பதே எங்கள் கருத்து.

கழற்றுவதற்கு முந்தைய நாளே காரின் அடியிலிருந்து போல்ட் முனைகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். நட்டுகள் தரைத்தகட்டோடு இணைந்தவை. அவசரப்பட்டுத் திருகினால் நட்டு பிடிப்பு விட்டுச் சுழலும். பிறகு தகட்டை வெட்டித்தான் சரிசெய்ய முடியும். சீட்டைப் பின்னே தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னே தள்ளிப் பின் போல்ட்டுகளையும் எடுங்கள். இவை யுஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு மரை. மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் மரை அழியும். ரன்னருக்கு (சீட் நகரும் தண்டவாளத்துக்கு) அடியில் இருக்கும் மரச்சட்டங்கள் எந்தப் பக்கத்தவை என்று குறித்துவையுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான கார் என்றால் சீட் பெல்ட் எச்சரிக்கைக்கான வயர் அடியில் இருக்கலாம். அதைப் பிரிக்காமல் சீட்டைத் தூக்க வேண்டாம்.

ஹெட்ரெஸ்ட்டை நேராக மேலே இழுத்து எடுங்கள். சாய்க்கும் லீவரையும் கீல் போல்ட்டுகளையும் கழற்றினால் முதுகுப் பகுதி தனியே வரும். உறையை ஃப்ரேமின் விளிம்பில் உலோகக் கிளிப்புகளும் பசையும் பிடித்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். பழைய உறையை எறியாதீர்கள். எந்த மடிப்பு எங்கே போனது என்பதற்கு அதுதான் சாட்சி. ஃப்ரேமைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெல்டிங் விரிசல் இருக்கிறதா பார்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள்.

புது டயாஃப்ரத்தில் எதிரெதிர்க் கொக்கிகளை ஜோடியாக மாட்டுங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கடைசிக் கொக்கி எட்டாது. டயாஃப்ரம் கிடைக்காவிட்டால் 50 மி.மீ. ரப்பர் வெப்பிங்கை (பட்டை நாடாவை)க் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னலாம்; நீளத்தில் சுமார் 10 சதவீதம் இழுத்துப் பிடித்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் சீக்கிரம் தளரும். ஃபோம் உரசித் தேயாமலிருக்க மேலே ஒரு சாக்குத் துணி விரியுங்கள்.

ஃபோம் அச்சில் வார்த்ததாக இருக்கட்டும். தட்டையான பலகை ஃபோமை வெட்டிச் செய்தால் பக்க மேடுகள் சரியாக வராது. உயரத்தைக் கூட்டும் ஆசை வேண்டாம்: தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும், தலை கூரைத் துணியைத் தொடும். உறை தொளதொளவென்று இருந்தால் 12 மி.மீ. மெல்லிய ஃபோமை மட்டும் மேலே ஒட்டுங்கள்.

சூடேற்றும் பேட் வைப்பதானால் இதுவே தருணம். 1967 வரையிலான கார்களில் பாசிட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருப்பது) டைனமோவும் இருக்கும். பேட்டுக்கு மின்துருவம் பற்றிக் கவலையில்லை. துருவம் மாறினால் அதோடு வரும் எல்இடி சுவிட்ச்சும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான் எரிந்துபோகும். லூகாஸ் சி40 டைனமோ தருவதே 22 ஆம்பியர். ஹெட்லைட் எரியும்போது இரண்டு சீட்டையும் சூடாக்கினால் பேட்டரி இறங்கும். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் ரிலேயும் தனி ஃபியூஸும் போட்டால் போதும்.

இனி உறை. வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் ரெக்சின் இளகும். ஃபோமிலும் உறையிலும் நடுக்கோடு சாக்கட்டியால் போடுங்கள். நடுப்பகுதியை மட்டும் கான்டாக்ட் பசையால் ஒட்டுங்கள்; இரு பரப்பிலும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்க வேண்டும். தடிமனாகப் பூசினால் காய்ந்து கட்டிதட்டி, உட்காரும்போது நெறநெறக்கும். பிறகு முன்பக்கத்தின் நடு, பின்பக்கத்தின் நடு, பக்கங்கள் என்ற வரிசையில் கிளிப் போட்டு, மூலைகளைக் கடைசியில் இழுங்கள். தையலின் உள்மடிப்பு முழுவதும் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் புரண்டாலும் பைப்பிங் (தையலோரக் கயிற்று விளிம்பு) பாம்பாக நெளியும்.

முதுகுப் பகுதியில் ஃபோம் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும். உறை முழுவதும் இறங்கி, பைப்பிங் நேரான பிறகே ஹெட்ரெஸ்ட்டுக்கும் லீவருக்கும் துளை போடுங்கள். ஊசியால் இடத்தைத் தேடி, சிறு குறுக்கு வெட்டு மட்டும் போதும். முன்கூட்டியே வெட்டிய துளை இடம் தவறும். அதைத் திருத்த வழியே இல்லை.

எஞ்சும் சுருக்கங்களை ஹாட் ஏர் கன்னால் போக்கலாம். 20 செ.மீ.க்கும் நெருங்கினால் ரெக்சினின் வரிவடிவம் அழிந்து பளபளக்கும். தோல் உறைக்கு அந்தச் சூடு ஆகாது, சுருங்கிவிடும். இளஞ்சூட்டில் கையால் தேய்த்து, சில வாரம் உட்கார்ந்தே படியவிட வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது ரன்னருக்கு கிரீஸ் தடவி, நான்கு போல்ட்டுகளையும் கையால் சில சுற்று ஏற்றியபின் இறுக்குங்கள். சீட்டை முழு நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். கனமாக நகர்ந்தாலோ, பூட்டு சரியாக விழாவிட்டாலோ, இரு ரன்னர்களும் இணையாக இல்லை அல்லது மரச்சட்டங்களின் தடிமன் ஒன்றாக இல்லை. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம். பிரேக் அடிக்கும்போது சீட் முன்னே நழுவும்.