நாய்க்கு ஊசி போட்டதும் மூஞ்சி வீங்கிடுச்சா? எங்க போண்டா கதையும் நான் இப்ப பண்ற ஸ்டெப்பும்

எங்க வீட்டு போண்டா ஒரு பக், அதாவது சப்பை மூஞ்சி நாய், எட்டு கிலோ. போன வருஷம் பூஸ்டரையும் ரேபிஸ் ஊசியையும் ஒரே நாள்ல, சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டுட்டு வந்தோம். ஒன்பதரை மணிக்கு எங்கம்மா அவனைப் பாத்துட்டு "என்னடா இவன் மூஞ்சியில சுருக்கமே காணோம், பளபளன்னு ஆயிட்டான்"ன்னாங்க. நானும் சிரிச்சுட்டு போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன், நாலு பேரு ஹார்ட் வேற விட்டாங்க. கொஞ்ச நேரத்துல அவன் மூஞ்சிய மிதியடியில போட்டு தேய்க்க ஆரம்பிச்சான், கண்ணு ரெண்டும் கோடு மாதிரி ஆயிடுச்சு. தினமும் அவன் மூக்கு மேல இருக்குற மடிப்பத் துடைக்கிறது நாந்தான், சுண்டு விரல் நுனி உள்ள போகும். அன்னைக்கு விரல் வைக்க அங்க மடிப்பே இல்ல, மொத்தமா உப்பி இருந்துச்சு. அப்பதான் இது அலர்ஜின்னு உறைச்சுது. நாங்க போன கிளினிக் அதுக்குள்ள பூட்டியாச்சு.

ஊசி ஏன் போடணும், எத்தனை வாரத்துல போடணும்லாம் இதுல எழுதல, அது உங்க வேக்சின் புக்லெட்லயே இருக்கு. போட்ட பிறகு என்ன பண்றதுன்னு மட்டும் பாப்போம்.

ஸ்டெப் 1: போறதுக்கு முன்னாடி

காலையில போங்க. வார நாள்ல காலையில பத்து மணிக்குப் போட்டா, அலர்ஜி வந்தாலும் அன்னைக்கே திரும்பிப் போக டாக்டர் இருப்பார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லீவுன்னு போறது வேணாம். ராத்திரி திறந்திருக்குற கிளினிக் நம்பர் ஒண்ண முன்னாடியே போன்ல சேவ் பண்ணிக்கோங்க. நான் பத்து மணிக்கு அழற நாய மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு நம்பரா அடிச்சேன், எடுத்தது நாலாவது நம்பர்தான்.

அப்புறம் கிளம்புறதுக்கு முன்னாடி மூஞ்சிய நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ எடுத்துக்கோங்க. பக், புல்டாக் மாதிரி சப்பை மூஞ்சிக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதுங்களுக்கு சாதாரணமாவே வீங்கின மூஞ்சிதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை வச்சிருக்கவங்களுக்கு நீள மூஞ்சி, பாத்ததுமே தெரிஞ்சுடும், உங்களுக்குக் கவலை இல்ல.

ஸ்டெப் 2: போட்டதும் ஓடி வராதீங்க

அரை மணி நேரம் கிளினிக் வாசல்லயே உக்காருங்க. பெரிய அலர்ஜி, அதாவது அனஃபிலாக்சிஸ், பெரும்பாலும் சில நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். மனுஷங்களுக்கு மூச்சு அடைக்கிற மாதிரி நாய்க்கும் முதல்ல மூச்சுதான் திணறும்னு நான் நெனச்சுட்டிருந்தேன், நிறைய நாய்ங்களுக்கு அப்படி இல்ல. நாய்க்கு ஈரலும் குடலும்தான் முதல்ல அடி வாங்குது, அதனால திடீர் வாந்தி, பேதி, சில சமயம் ரத்தத்தோட, அப்புறம் தள்ளாட்டம், சுருண்டு விழுறது. கார்ல வாந்தி எடுத்தா பயணத்தால எடுத்துருச்சுன்னு விட்டுடாதீங்க, வண்டியத் திருப்புங்க. இதுக்கு அட்ரினலின் ஊசியும் டிரிப்பும் வேணும், ரெண்டும் வீட்ல இருக்காது.

ஸ்டெப் 3: ஈறு பாக்குறது (நான் சொதப்புன இடம்)

அன்னைக்கு போன எடுத்த அந்த நாலாவது நம்பர் டாக்டர் முதல்ல கேட்டது "ஈறு என்ன கலர்ல இருக்கு?" எனக்கு ஈறு சாதாரணமா என்ன கலர்ல இருக்கும்னே தெரியாது, இதுல இப்ப என்ன கலர்னு எப்படி சொல்றது. அதனால இன்னைக்கே, நாய் நல்லா இருக்கும்போதே செஞ்சு பாருங்க. மேல் உதட்ட மெதுவா தூக்கி, கோரைப்பல்லுக்கு மேல ஈறுல விரலால அழுத்துங்க, வெள்ளையாகும், விரல எடுத்ததும் ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் கலர் திரும்பணும். வெளுத்தே இருந்தாலோ, கலர் திரும்ப லேட் ஆனாலோ போன் பேசிட்டு நிக்காம கிளம்பிடுங்க. எங்க போண்டாவுக்கு பாதி ஈறு கருப்பு, அதுல ஒண்ணும் தெரியாது, அப்படி இருந்தா கீழ் இமைய இழுத்து உள்பக்கம் பாருங்க.

ஸ்டெப் 4: எது சாதாரணம், எது இல்ல

ஒண்ணு ரெண்டு நாள் தூங்கி வழியுறது, ஒரு வேள சாப்பாட்ட விடுறது, ஊசி போட்ட இடத்துல தொட்டா முனகுறது, லேசான காய்ச்சல், இதெல்லாம் சாதாரணம். நாய்க்கு 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் நார்மல், நம்ம கணக்குல காய்ச்சல்னு பயந்துடாதீங்க. நாங்க 103 தாண்டினா போன் பண்றதுன்னு வச்சிருக்கோம். நெத்தியில காட்டுற துப்பாக்கி தெர்மாமீட்டர் முடி மேல சுத்த வேஸ்ட், நுனி வளையுற சாதா டிஜிட்டல் ஒண்ணு வாங்கி, தேங்கா எண்ணெய் தடவி ஆசனவாயில வச்சுப் பாக்கணும். அதுல சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு கோடு போட்டு வைங்க, எங்க வீட்ல எங்கப்பா அத வாயில வைக்கப் போயிட்டார்.

மூஞ்சி வீங்குறது, உடம்புல தடிப்பு தடிப்பா வந்து அங்க மட்டும் முடி மேடா நிக்கிறது, விடாம சொறியறது இதெல்லாம் சில மணி நேரம் கழிச்சும் வரும். நாய் ஜாலியா ஓடிட்டிருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. போண்டாவுக்கு அன்னைக்கு ராத்திரி அலர்ஜிக்கு ரெண்டு ஊசி போட்டாங்க, விடியக்காலையில மடிப்பு திரும்ப வந்துருச்சு.

ஸ்டெப் 5: வீட்டு மருந்துப் பெட்டியத் தொடாதீங்க

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டுமே நாய்க்கு விஷம் மாதிரி, குடுக்கவே குடுக்காதீங்க. அலர்ஜி மாத்திரை டாக்டர் சொன்னா, சொன்ன அளவுல மட்டும். கடையில விக்கிற சளி மாத்திரையில அலர்ஜி மருந்தோட பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் கலந்திருக்கும், அது தெரியாம குடுத்துட்டா அலர்ஜிய விட மோசம்.

ஸ்டெப் 6: எழுதி வைங்க

புக்லெட்ல ஒட்டுற ஸ்டிக்கர்ல பேட்ச் நம்பர் இருக்கும், அது பக்கத்துலயே என்ன ஆச்சு, எத்தன மணி நேரம் கழிச்சுன்னு பேனாவால எழுதுங்க. அடுத்த தடவ வேற டாக்டர்கிட்ட போனாலும் கண்ணுல படும். 2005ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 12 லட்சம் நாய்ங்களோட கணக்கு எடுத்துப் பாத்திருக்காங்க, ஊசி போட்ட மூணு நாளுக்குள்ள 10,000 நாய்க்கு சுமார் 38க்குத்தான் ஏதாவது ஆச்சு. அதுலயும் சின்ன நாய்க்கும் ஒரே தடவ நிறைய ஊசி போட்ட நாய்க்கும்தான் ஜாஸ்தி, எங்க எட்டு கிலோ ரெண்டுலயும் மாட்டினான். அதனால இந்த வருஷம் பூஸ்டர ஒரு நாளும், மூணு வாரம் கழிச்சு ரேபிஸையும் போட்டோம், போறதுக்கு முன்னாடி டாக்டர் சொன்ன அலர்ஜி மாத்திரையும் குடுத்தோம். தூங்குனான், அவ்ளோதான். ரேபிஸ நிறுத்திடலாமான்னு நானும் கேட்டேன், டாக்டர் முறைச்சார். நோய் வந்துட்டா மருந்தே இல்லாத சமாச்சாரம், நம்ம ஊர்ல அந்த ரிஸ்க் எடுக்க முடியாது.

அப்டேட்: சின்ன நாய்தானே, பாதி டோஸ் போட்டா போதாதான்னு கமெண்ட்ல மூணு பேரு கேட்டிருக்கீங்க. கூடாது. வேக்சின் அளவு எடைய வச்சு இல்ல, பாதி போட்டா அலர்ஜியும் வரலாம், பாதுகாப்பும் கிடைக்காம போகலாம்.

அப்டேட் 2: ஒருத்தர் நாய்க்கு ஊசி போட்ட எடத்துல சுண்டைக்கா அளவு கட்டி இருக்காம். பெரும்பாலும் சில வாரத்துல தானா கரைஞ்சுடும், அழுத்தித் தேய்க்க வேணாம். வாரம் ஒரு தடவ பக்கத்துல ஒரு ரூவா காசு வச்சு போட்டோ எடுங்க. ஒரு மாசம் கழிச்சும் வளர்ந்துட்டே போனா அந்த போட்டோவோட டாக்டர்கிட்ட போங்க.

அப்டேட் 3: மூக்குல விடுற கென்னல் காஃப் (நாய்ங்களுக்குள்ள பரவுற இருமல்) தடுப்பு மருந்துக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் தும்மல் வர்றது சகஜம்தான். சாப்பிடாம படுத்துட்டா மட்டும் காட்டுங்க.