உபுண்டுவைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோவதில் நேரும் தவறுகள்

'மனிதர் மனிதராவது பிற மனிதரால்தான்' என்று சுலு மக்கள் சொல்வார்கள். அந்த அறத்துக்குப் பெயர்தான் உபுண்டு. தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசியலமைப்பிலேயே இந்தச் சொல் உண்டு. 1997இல் அரசு ஊழியர்களுக்கு 'பாத்தோ பெலே', அதாவது மக்களுக்கே முதலிடம், என்ற கொள்கையும் வந்தது. அதற்கு அடுத்த வருடமே வெளியான ஓர் ஆய்வு, கேப் டவுன் பகுதிப் பிரசவ மையங்களில் பெண்கள் திட்டப்படுவதையும் அறையப்படுவதையும் வலியில் தனியே விடப்படுவதையும் பதிவுசெய்தது. இவ்வளவு நல்ல கொள்கை கையில் இருந்தும் இப்படி நடக்கிறதென்றால், அதைக் கற்றுத்தரும் விதத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

உபுண்டுவை ஆளின் குணமாக நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. 'அன்பாக இரு' என்று செவிலியர் மாணவிக்கு வகுப்பில் பாடம் நடக்கும். வார்டுக்குப் போனால், முக்க முடியாமல் தவிக்கும் பெண்ணின் தொடையில் சீனியர் ஒரு அறை விடுகிறார். கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்துவிடுகிறது. அடித்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று மாணவி மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் எந்த வகுப்பாலும் அதை அழிக்க முடியாது. அந்த ஆய்வும் செவிலியரின் கல்நெஞ்சைக் காரணமாகச் சொல்லவில்லை. நிர்வாகக் கோளாறு, தன் தகுதியைப் பற்றிய பதற்றம், நோயாளியை அடக்கி வைத்தால்தான் வேலை நடக்கும் என்ற எண்ணம், நோயாளி தன்னைவிடத் தாழ்ந்தவர் என்ற நினைப்பு ஆகியவற்றையே சொன்னது. ஆகவே திருத்த வேண்டியது வார்டின் வழக்கத்தை. ஷிஃப்ட் முடிந்ததும் மாணவிகள் பார்த்ததைப் பயமில்லாமல் பேச இடம் வேண்டும். மாணவிக்கு மதிப்பெண் போடுவதோடு நிற்காமல், சீனியர் நடந்துகொள்ளும் விதத்தையும் மதிப்பிட வேண்டும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆள் பற்றாக்குறையான வார்டில், 'உபுண்டு உள்ளவர் இன்னொரு ஷிஃப்ட் பார்க்க மாட்டாரா?' என்று மேலதிகாரி கேட்டால், அது வேலை வாங்கும் தந்திரமாகிவிடுகிறது. பிரசவம் பார்ப்பவரும் மனிதர்தானே.

அடுத்த தவறு, சமூகம் என்றால் பெண்ணுக்கு மேலே உள்ள அதிகாரம் என்று எடுத்துக்கொள்வது. பதினாறு வயதுப் பெண் தன் கோகோவோடு (பாட்டியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) பரிசோதனைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியை உட்காரவைத்து மரியாதையாகப் பேசுவது சரி. ஆனால் எச்ஐவி முடிவைப் பாட்டி முன்னால் சொல்வது சரியல்ல. 12 வயதானவர் அந்தப் பரிசோதனைக்குத் தானே சம்மதம் தரலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். முடிவும் அவருக்கே உரிய ரகசியம். முதலில் அவளைத் தனியாகக் கேட்க வேண்டும்: யாரிடம் சொல்லலாம், யார் கூட இருக்கட்டும்? குடும்பம் அதற்குப் பிறகுதான்.

வேடிக்கை என்னவென்றால், குடும்பம் உண்மையிலேயே தேவைப்படும் பிரசவ நேரத்தில் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அறையில் பல கட்டில்கள், நடுவில் திரை இல்லை, அதனால் துணைக்கு ஆள் கூடாது என்பார்கள். பெண் உறவினர் ஒருவர் கூடவே இருந்தால் இயல்பான பிரசவம் அதிகமாகிறது என்று போட்ஸ்வானாவில் நடந்த ஒரு சோதனை 1999இலேயே காட்டியது. தானே தேர்ந்தெடுத்த துணை ஒருவர் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது. திரைத்துணி அப்படி ஒன்றும் விலை அதிகமில்லை.

மரபைப் புனிதமாக்குவதும் தவறு, இளக்காரம் செய்வதும் தவறு. சுலு பெண்கள் கர்ப்பகாலத்தில் குடிக்கும் 'இசிஹ்லம்பெசோ' மூலிகைக் கஷாயத்தில் சேரும் சில செடிகள் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கக் கூடியவை. குடித்தாயா என்று அதட்டினால் இல்லை என்றுதான் பதில் வரும். பிறகு வலி திடீரென்று கடுமையாகும்போது காரணம் தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். 'வீட்டில் என்ன கொடுத்தார்கள், கடைசியாக எப்போது?' என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நச்சுக்கொடியையும் அப்படியே வாளியில் போட்டுவிடாமல், வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். தொப்புள்கொடியையும் நச்சுக்கொடியையும் சொந்த மண்ணில் புதைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு.

கடைசியாக, உபுண்டு எல்லைக்கோட்டில் நின்றுவிடுவது. ஜிம்பாப்வே, மொசாம்பிக்கிலிருந்து வந்த கர்ப்பிணிகளிடம் காகிதம் கேட்டு, இல்லையென்றால் பணம் கேட்ட மருத்துவமனைகள் உண்டு. ஆவணம் இல்லாவிட்டாலும் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உண்டு என்று ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது. இந்தத் தீர்ப்பைப் பாடத்தில் சேர்த்தால் மட்டும் போதாது. பதிவு மேசையில் உட்காரும் எழுத்தரையும் பயிற்சிக்குக் கூப்பிட வேண்டும். செவிலியர் அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே காகிதம் கேட்பவர் அவர்தான்.